சுருக்கமும் நேர்மையும்: சமூகச் சிந்தனையை இயங்கு சித்திரத்தில் உரைப்பது பற்றி

1754ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் மாநகரின் கொவென்ற் கார்டன் பகுதியிலிருந்த கோப்பிக் கடையொன்றில் ஒரு சிறு குழுவினர் கூடினர். கலைகளையும் கைத்தொழில்களையும் வணிகத்தையும் ஊக்குவிப்பதற்கென அவர்கள் ஒரு சங்கத்தை நிறுவினர். அம்முயற்சிக்கு முன்னின்றவர் வில்லியம் ஷிப்லி என்னும் சித்திர ஆசிரியர். சிறுவர் சிறுமியர் வரைந்த சிறந்த சித்திரங்களுக்குப் பரிசளிப்பது அச்சங்கம் முதன்முதல் மேற்கொண்ட பணிகளுள் ஒன்றாகும். பின்னர் 'றோயல்' என்னும் அடைமொழி பெற்ற அச்சங்கமே, 2010ஆம் ஆண்டில், தன் மேடையில் நிகழ்ந்த விரிவுரைகளைச் சிறு சிறு இயங்கு சித்திரங்களாக ஆக்கி உலகெங்கும் பரப்பத் தொடங்கியது. சித்திர ஆசிரியர் ஒருவர் தொடக்கிய சங்கம் இரண்டரை நூற்றாண்டின் பின் சித்திரத்துக்கே மீண்டது பொருத்தமானதே.

அவ்வெளியீடுகளின் அமைப்பு மிக எளியது. நெடிய விரிவுரையொன்றின் ஒலிப்பதிவு ஏறத்தாழப் பத்து அல்லது பதினொரு நிமிடங்களுக்குக் குறுக்கப்படுகிறது. அக்குரல் ஒலிக்க ஒலிக்க, ஒரு கை வெண்பலகையொன்றில் கறுப்புக் கோடுகளை வரைந்துகொண்டே செல்கிறது. பேச்சாளர் கூறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் உருவம் தோன்றுகிறது; கூறாத நகைச்சுவைகளும் இடையிடையே சேர்க்கப்படுகின்றன. உண்மையில் அக்கை அவ்வளவு விரைவாக வரைவதில்லை. படம்பிடித்தபின் அதன் வேகம் கூட்டப்படுகிறது. இவ்வகைச் சித்திரங்களை வரைந்து புகழ்பெற்றவர் அன்ட்ரூ பார்க் என்பவர். முதலாளித்துவத்தின் நெருக்கடிகள் பற்றி டேவிட் ஹார்வி ஆற்றிய உரையும், அறக்கொடையின் உள்முரண்பாடு பற்றி ஸ்லாவோய் சிசெக் ஆற்றிய உரையும், கல்விமுறையின் அடிப்படைகளை மாற்றவேண்டுமென்று கென் றொபின்சன் ஆற்றிய உரையும், எப்போதும் மலர்ந்த முகத்துடன் இருக்கவேண்டும் என்னும் சமூகக் கட்டளையின் கொடுமை பற்றி பார்பரா எரன்றைக் ஆற்றிய உரையும் அவ்வொரே ஆண்டில் இவ்வாறு சித்திரமாயின. மார்க்சியப் பொருளியலை அறிய 'மூலதனம்' என்னும் நூலின் முதல் அத்தியாயத்தைத் திறந்து மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்ட ஒருவர், ஹார்வியின் பதினொரு நிமிடங்களை இருமுறை பார்த்திருக்கக்கூடும்.

இதனை அழகியற் பிரச்சினையாகவோ, கற்பித்தல் உத்தி பற்றிய பிரச்சினையாகவோ மட்டும் கருதிவிடலாகாது. அடிப்படையில் இஃது ஓர் அறவியற் பிரச்சினை. சமூகம் எவ்வாறு இயங்குகிறது, அதில் அநீதி எங்கே உறைகிறது, அதனை மாற்ற யாது செய்யவேண்டும் என்பன போன்ற பாரிய கருத்துக்களைப் பத்து நிமிடச் சித்திரத்தில் அடக்கி ஒருவருக்கு அளிப்பது, அவரை மதிப்பதாகுமா, அல்லது அவரது சிந்தனையைத் தந்திரமாகக் கவர்வதாகுமா? இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் உடனே கிடைக்கும். அறிவு மலினப்படுத்தப்படுகிறது என்பது ஒன்று; அறிவு சனநாயகப்படுத்தப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டும் ஓரளவு உண்மையாயினும், பிரச்சினையின் உள்ளே செல்லாமல் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இம்முயற்சி புதியதன்று என்பதை முதலில் மனங்கொள்ளவேண்டும். 1943ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியலாளரான றூத் பெனடிக்ற், ஜீன் வெல்ற்ஃபிஷ் ஆகிய இருவரும் மனித இனங்களைப் பற்றிச் சிறு பிரசுரம் ஒன்றை எழுதினர். இனங்களுக்கிடையே பிறவியில் அமைந்த உயர்வு தாழ்வு எதுவுமில்லை என்பதே அதன் சாரம். முதலாம் உலக மகாயுத்தக் காலத்தில் அமெரிக்க இராணுவம் நடத்திய மதிநுட்பச் சோதனைகளில், வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பின மக்கள் தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரைவிட உயர்ந்த புள்ளிகள் பெற்றனர் என்னும் செய்தியும் அதில் இருந்தது. பள்ளிக்கூட வசதியே வேறுபாட்டின் காரணம் என்பதைக் காட்டுதற்கே அவர்கள் அதனைக் குறிப்பிட்டனர். ஆயினும் அமெரிக்கக் காங்கிரசில் எதிர்ப்பு எழுந்தது; இராணுவத்தினரிடையே அப்பிரசுரத்தை விநியோகிப்பது நிறுத்தப்பட்டது.

அப்பிரசுரத்தைச் சித்திரமாக்க முன்வந்தது பல்கலைக்கழகமன்று. மோட்டர் வாகனத் தொழிலாளரின் ஐக்கிய சங்கமே முன்வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தும் ஒருவரையொருவர் ஐயுற்று நின்றால் சங்கம் பிளவுபடும் என்பதை அத்தொழிலாளர் தலைவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 'மனித சகோதரத்துவம்' எனப் பொருள்படும் பெயரில் 1946ஆம் ஆண்டளவில் வெளிவந்த அச்சித்திரம் ஏறத்தாழப் பத்து நிமிடமே ஓடுவது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளிருந்தும் ஒரு பச்சை நிறச் சிறு உருவம் வெளிப்பட்டு, அயலானைப் பற்றி அவன் காதில் அச்சத்தை ஓதுகிறது. இன வேறுபாடு பற்றிய பழைய நம்பிக்கைகளை ஒரு குரல் ஒன்றொன்றாக எடுத்து விளக்கி மறுக்கிறது. ஒரு மானிடவியற் பிரசுரத்தைக் கையிற் கொடுத்தால் வாசிக்க நேரமில்லாத தொழிலாளிக்கு, அப்பச்சை உருவத்தை இனங்காண நேரம் தேவைப்படவில்லை.

இதற்கு எதிர்முகமான உதாரணமும் அதே காலத்தைச் சேர்ந்ததே. 1948ஆம் ஆண்டில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹார்டிங் கல்லூரிக்காக, ஜோன் சதர்லன்ட் என்பவரது நிறுவனம் ஒரு வண்ணச் சித்திரத்தைத் தயாரித்தது. அதில் 'டொக்டர் உற்றோப்பியா' என்னும் பசப்பு வியாபாரி போத்தலில் அடைத்த ஒரு மருந்தை விற்க வருகிறான். அம்மருந்தின் பெயர் 'இசம்'. அதனை ஒரு துளி சுவைத்துப் பார்க்கும் தொழிலாளியும் விவசாயியும் முதலாளியும் அரசியல்வாதியும் அடிமை வாழ்வின் கொடுங்கனவைக் கண்டு விழிக்கின்றனர். பின்னர் அவனைத் துரத்துகின்றனர். இதற்கான பணம் அல்பிரட் ஸ்லோன் மன்றத்திலிருந்து வந்தது. அந்த ஸ்லோன் அக்காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் தலைவர். 1945ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி 113 நாட்கள் அக்கம்பனிக்கெதிராக வேலைநிறுத்தம் செய்தது மேலே கூறிய அதே தொழிற்சங்கந்தான். வேலைநிறுத்தம் முடிந்தபின் போராட்டம் சித்திரத் திரையில் தொடர்ந்தது எனின் அது மிகையாகாது.

இரு சித்திரங்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் இக்கட்டான உண்மை புலப்படுகிறது. முன்னையதன் கருத்து உண்மையானது. அறிவியல் ஆய்வால் நிறுவப்பட்டது. பின்னையதன் கருத்து ஒரு பொருளாதார நலனின் பிரசாரம். ஆயின் பார்ப்பவனின் மனத்தில் அவை செயற்படும் முறையில் வேறுபாடு அதிகமில்லை. அங்கே ஒரு பச்சைக் குட்டிப் பிசாசு. இங்கே ஒரு போத்தல் வியாபாரி. இரண்டிலும் தீமைக்கு ஓர் உருவம் கொடுக்கப்பட்டு, அவ்வுருவம் நகைப்புக்கிடமாக்கப்பட்டு, பின்னர் விரட்டப்படுகிறது. நியாயம் எந்தப் பக்கம் என்பதைச் சித்திரம் தன் வாயால் நிறுவவில்லை. வரைந்தவன் முன்னரே தீர்மானித்துவிட்டான். நல்ல நோக்கத்துக்காகச் செய்யப்படும்போது இம்முறையை வரவேற்பதும், தீய நோக்கத்துக்காகச் செய்யப்படும்போது அதே முறையைக் கண்டிப்பதும் நேர்மையான நிலைப்பாடாகுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

சித்திரத்தை முற்றாக ஒதுக்கிவிடுவோரின் நிலைப்பாடு இதனைவிட நேர்மையானது எனவும் கொள்வதற்கில்லை. இலண்டனில் அச்சங்கத்தின் மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுதில் அமரக்கூடியவர் சில நூற்றுவரே. அங்கே செல்வதற்கு அந்நகரில் வாழவேண்டும், ஓய்வு இருக்கவேண்டும், விரிவுரைக்குப் பழகிய செவியும் இருக்கவேண்டும். சமூகத்தைப் பற்றிய சிந்தனை, சமூகத்தின் பாரத்தைச் சுமப்பவர்களுக்கு எட்டாத மொழியிலும் இடத்திலும் நிகழ்வது தற்செயலன்று. கடினமான நடையைக் காக்கும் அறிஞன் பல சமயங்களில் உண்மையைக் காப்பதில்லை. தன் பதவியையே காக்கிறான். பாமரனுக்கு எளிமையாக்கிச் சொல்லக்கூடாது என்பவர், அவனுக்குச் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவராகவே நடைமுறையில் ஆகிவிடுகிறார். எனவே சுருக்குவதா வேண்டாமா என்பது விவாதத்துக்குரிய வினாவன்று. எதனை இழந்து சுருக்குகிறோம், அவ்விழப்பைப் பார்ப்பவன் அறிவானா என்பனவே வினாக்கள்.

சித்திரத்துக்கென ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தில் இல்லாத உறுப்புக்களை நோக்கினால் இழப்பு யாதென்பது விளங்கும். முதலாவதாக, சித்திரத்தில் உவம உருபு இல்லை. 'பள்ளிக்கூடம் தொழிற்சாலையைப் போன்றது' எனப் பேச்சாளர் கூறும்போது, 'போன்றது' என்னும் சொல் கேட்பவனுக்கு ஓர் இடைவெளியைத் தருகிறது. எவ்வகையில் போன்றது, எவ்வகையில் போலாதது என அவன் எண்ணிப்பார்க்க இயலும். தமிழில் உருபு மறைந்து நிற்கும் உவமத்தொகையிற்கூட அதனை விரித்துரைக்க வழியுண்டு. சித்திரத்திலோ பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் ஒரே கட்டடமாகிவிடுகின்றன. ஒப்புமை அங்கே கூற்றாகிறது. உவமைகள் யாவும் உருவகங்களாகவே பிறக்கின்றன. றொபின்சனின் உரை இதற்குத் தக்க சான்று. மணியோசை, தனித்தனிப் பாடங்கள், பிள்ளைகளை வயதுவாரியாகத் தொகுத்து அனுப்புதல் ஆகியவற்றைக் கொண்டு பள்ளிக்கூடம் தொழிற்சாலையின் சாயலில் அமைந்துள்ளதென அவர் வாதிடுகிறார். கல்வி வரலாற்றாசிரியர் பலர் ஏற்றுக்கொள்ளாத எளிமைப்படுத்தல் இது. பேச்சில் இது விவாதிக்கத்தக்க ஓர் ஒப்புமை. சித்திரத்தில் அது கண்ணாற் கண்ட காட்சி. கண்ணாற் கண்டதை மறுக்க மனிதன் பழகவில்லை.

இரண்டாவதாக, சித்திரத்தில் எதிர்மறை இல்லை. ஒரு பொருள் இல்லை என்று காட்ட வேண்டுமாயின் முதலில் அதனை வரையவேண்டும்; பின்னர் அதன்மேல் கோடிட்டு அழிக்கவேண்டும். அழித்த பின்னும் அது கண்ணில் நிற்கும். 'சில', 'பெரும்பாலும்', 'ஒருவேளை', 'இதற்கு மாறான கருத்துமுண்டு' என்பனவற்றுக்கும் உருவமில்லை. அதே உரையில், பிள்ளைகளின் கவனக்குறைபாட்டு நோய்க்கு மருந்து கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் மேற்கிலிருந்து கிழக்கே செல்லச்செல்ல அதிகரிக்கிறது எனக் கூறி ஒரு தேசப்படம் காட்டப்படுகிறது. அத்தகைய நோயே இல்லை எனத் தாம் கூறவில்லை என்றும், உளவியலாளரும் குழந்தை மருத்துவரும் பெரும்பாலும் அதனை ஒப்புக்கொள்கின்றனர் என்றும் பேச்சாளர் தெளிவாகவே சொல்கிறார். பேச்சாளர் நேர்மையாகவே நடந்துகொண்டார். ஆயின் அத்தேசப்படமும் அதனையொட்டிய வேடிக்கையும் நினைவில் நிலைக்கின்றன. அவரது வரம்புரை சில வினாடிகளில் காற்றோடு போய்விடுகிறது. சித்திரம் பொய்யுரைக்கவில்லை, பேச்சின் எந்தப் பகுதி உரத்து ஒலிக்கும் என்பதை மாத்திரம் மாற்றியமைத்தது.

மூன்றாவது இழப்பு காலம் பற்றியது. நூலை வாசிப்பவன் தான் விரும்பிய இடத்தில் நிறுத்துகிறான், ஓரத்தில் குறிப்பெழுதுகிறான், முன்பக்கத்துக்கு மீள்கிறான். வேகப்படுத்தப்பட்ட கையோ பார்ப்பவனின் கண்ணைப் பிடித்து இழுத்துச் செல்கிறது. அடுத்து யாது வரையப்போகிறது என்னும் ஆவலே கவனமாகிறது. ஆராயும் மனம் அவ்வாவலின் பின்னால் ஓடிக்களைக்கிறது. நிறுத்திப் பார்க்கும் வசதி இன்றைய கருவிகளில் உண்டென்பது உண்மையே. நிறுத்த விடாத வகையில் ஆக்குவதே இக்கலையின் வெற்றி என்பதும் உண்மையே.

இவ்விழப்புக்களை எல்லாம் நன்குணர்ந்து, அவற்றுக்கு விதி வகுத்த ஒருவர் இருந்தார். அவர் வியன்னாவில் பிறந்த தத்துவஞானி ஓட்டோ நொய்ராத். சமூக சனநாயகக் கட்சியின் ஆட்சியிலிருந்த வியன்னா நகரில் 1925ஆம் ஆண்டு அவர் ஒரு சமூக, பொருளாதார அரும்பொருட்காட்சியகத்தை நிறுவினார். வீட்டுவசதி, குழந்தை இறப்பு, வேலையின்மை முதலியன பற்றிய புள்ளிவிபரங்களை, எழுத்தறிவு குறைந்த தொழிலாளரும் தாமே நோக்கி முடிவு காணத்தக்க சித்திரங்களாக்குவதே அவர் நோக்கம். அவருடைய முதல் விதி மிகவும் எளியது. ஒரு தொகை இருமடங்கானால், உருவத்தைப் பெரிதாக வரையலாகாது. அதே அளவான உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். ஏனெனில் உயரத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. இரண்டைக் காட்டப்போய்க் கண்ணுக்கு நான்கைக் காட்டிவிடுவோம். ஒரு கோட்டின் நீளத்திலேயே பொய் நுழையக்கூடும் என்பதை அறிந்து வகுத்த விதி இது. 2007ஆம் ஆண்டில் அன்னி லெனார்ட் வெளியிட்ட 'பொருட்களின் கதை' என்னும் இருபது நிமிடச் சித்திரத்தில், கம்பனி என்பது ஊதிப்பெருத்த மனிதனாக வரையப்பட்டதை நொய்ராத் கண்டிருப்பின், அச்சித்திரம் கூறும் சூழல் நியாயத்தை ஏற்றுக்கொண்டே, அவ்வுருவத்தின் பருமனுக்குக் கணக்குக் கேட்டிருப்பார்.

நொய்ராத்தின் நிறுவனத்தில் மற்றொரு சிறப்பான ஏற்பாடும் இருந்தது. புள்ளிவிபர அறிஞர் ஒருபுறம். கெர்ட் ஆர்ன்ற்ஸ் போன்ற ஓவியர் மறுபுறம். இவ்விருவருக்கும் இடையே 'உருமாற்றுநர்' என்னும் மூன்றாம் நபர். அப்பணியை முதன்மையாகச் செய்தவர் மேரி றைடமைஸ்டர். பின்னாளில் மேரி நொய்ராத். அறிஞர் தரும் செய்தியில் பொதுமகனுக்குத் தேவையானது எது, எதனை விட்டால் பொருள் திரிபடையும், எதனைச் சேர்த்தால் குழப்பம் விளையும் எனத் தீர்மானிப்பது அவர் பொறுப்பு. அவர் அறிஞரின் ஊழியருமல்லர், ஓவியரின் உதவியாளருமல்லர், பார்ப்பவர் சார்பில் அம்மேசையில் அமர்ந்திருந்தவர். இன்றைய இயங்கு சித்திரங்களில் பேச்சாளரின் பெயர் உண்டு, சித்திரகாரர் பெயரும் உண்டு. பார்ப்பவரின் சார்பில் வினவும் அவ்விடம் பல சமயங்களில் வெறுமையாகவே கிடக்கிறது. 1934ஆம் ஆண்டில் வியன்னாவின் சமூக சனநாயகம் ஆயுதபலத்தால் நசுக்கப்பட்டதும் அவர்கள் நெதர்லாந்துக்கும், 1940ஆம் ஆண்டில் அங்கிருந்து சிறு படகொன்றில் இங்கிலாந்துக்கும் தப்பிச்செல்ல நேர்ந்தது. வரைபடங்களையும் சர்வாதிகாரம் பொறுத்துக்கொள்ளவில்லை.

பார்ப்பவனின் ஐயத்தைச் சித்திரத்துக்குள்ளேயே கொணர்தல் ஒரு மாற்றுவழி. யுத்தத்தின் பின் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கம் தன் புதிய சட்டங்களை விளக்குவதற்காக, ஹலாஸ், பற்சிலர் என்னும் தம்பதியரின் நிலையத்தைக் கொண்டு 'சார்லி' என்னும் சாமானியனை நாயகனாகக் கொண்ட சித்திரங்களைத் தயாரித்தது. 1948 ஜூலையில் தொடங்கவிருந்த தேசிய சுகாதார சேவையை விளக்கும் சித்திரத்தில் சார்லி சைக்கிளில் வருகிறான். விளக்கவுரையாளரின் குரலோடு வாதிடுகிறான். இத்திட்டம் தனக்கு எதற்கு எனக் கேட்கிறான். குரல் பொறுமையாக விடையளிக்கிறது. இதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆயினும் சார்லியின் கேள்விகளை எழுதியதும் விடைகளை எழுதிய அதே பேனாவே. தோற்பதற்கென்றே எழுதப்பட்ட மறுப்பு, உண்மையான மறுப்புக்கு ஈடாகாது. எழுத்தைப் பற்றி பிளேட்டோ 'பீட்றஸ்' உரையாடலில் கூறிய குறையும் இதுவே. எழுத்தைக் கேள்வி கேட்டால் அது மீண்டும் மீண்டும் ஒரே விடையையே தரும் என்பது அவர் குற்றச்சாட்டு. அதே பிளேட்டோ, குகைவாசிகளின் உவமையில், சுவருக்குப் பின்னால் ஏந்திச் செல்லப்படும் பாவைகளின் நிழல்களை உண்மையென நம்பும் கைதிகளைக் காட்டினார். பாவைக்கூத்தை அறிந்த எவருக்கும் அக்குகை அந்நியமாகத் தோன்றாது. ஆயின் உவமையில் ஒன்றை மறந்துவிடலாகாது: பிளேட்டோவும் தம் பெருங்கருத்தைப் புகட்ட ஒரு படக்காட்சியையே நாடினார்.

பார்த்து முடித்த பின் எஞ்சும் மனநிறைவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2002ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொசன்பிளிற், கைல் என்னும் உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பூட்டு, தையல் இயந்திரம் போன்ற அன்றாடப் பொருட்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தமக்கு எவ்வளவு தெரியும் எனப் பங்குபற்றியோர் முதலில் மதிப்பிட்டனர். பின்னர் அதனைப் படிப்படியாக விளக்குமாறு கேட்கப்பட்டனர். விளக்க முற்பட்டதும் அவர்களுடைய மதிப்பீடு வீழ்ச்சியடைந்தது. தெரியும் என்ற உணர்வு வேறு, தெரிதல் வேறு. ஒரு பூட்டின் விடயத்திலேயே இவ்வாறெனின், முதலாளித்துவத்தின் நெருக்கடி பற்றிப் பதினொரு நிமிடங்களில் எழும் 'விளங்கிற்று' என்னும் உணர்வின் பெறுமதியை ஊகித்துக்கொள்ளலாம். 1784ஆம் ஆண்டில் அறிவொளி என்றால் யாது என வினவிய கான்ற், மனிதன் தானே சிந்திக்கத் துணியாதிருத்தலைக் கண்டித்தபோது, தனக்காகச் சிந்திக்கும் நூலொன்றை வைத்திருப்பதன் சுகத்தையே முதலில் சுட்டினார். சோம்பலுக்கு இயங்கு சித்திரம் அவசியமில்லை; நூலும் போதுமானதாக இருந்தது.

தமிழ் மரபு சுருக்கத்தை அஞ்சியதில்லை என்பது இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. பெரியதொரு பொருளைச் சிறியதொரு கண்ணாடி தன்னுள் அடக்கிக் காட்டுவதுபோல் அமைவது சூத்திரம் என்பது நன்னூலார் கருத்து. ஆயின் சூத்திரம் தனியே விடப்பட்டதில்லை. அதனைச் சுற்றி உரை எழுந்தது. ஓர் உரையை மறுத்து மற்றோர் உரை எழுந்தது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் கூறிய பொருளை ஏற்காதவர் மணக்குடவரிடம் செல்லலாம். சுருங்கச் சொன்னவன் விரித்துரைப்பவனுக்கு இடம் விட்டுச்சென்றான். அக்குறுமை ஒரு கதவு. உள்ளே செல்வதற்கு ஆசிரியனும் மாணவனும் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். இயங்கு சித்திரத்தின் குறுமை பெரும்பாலும் அவ்வாறன்று. அது முடிந்ததும் அடுத்த சித்திரம் வந்து நிற்கிறது, உரை வருவதில்லை. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'ரெட்-எட்' போன்ற முயற்சிகள் சித்திரத்தோடு வினாக்களையும் மேலதிக வாசிப்பையும் கலந்துரையாடலையும் இணைத்தமை இக்குறையை உணர்ந்த செயலாகும்.

சுருக்குதல் ஒன்று, திரித்தல் மற்றொன்று என்பதற்கு வரலாற்றில் மிகத் தெளிவான சாட்சியம் ஒன்றுண்டு. சார்லியைப் படைத்த அதே ஹலாஸ்-பற்சிலர் நிலையம் 1954ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' என்னும் நாவலை முழுநீளச் சித்திரமாக்கியது. ஓர்வெல் 1950ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அப்படத்துக்கான பணம் அமெரிக்கத் தயாரிப்பாளர் லூயி டி றொஷ்மொன் வாயிலாக, சி.ஐ.ஏ. எனப்படும் உளவுத்தாபனத்திடமிருந்து வந்தது என்பது பின்னாளிலேயே வெளியாயிற்று. நாவலின் இறுதியில், பன்றிகளையும் மனிதரையும் மாறிமாறி நோக்கும் விலங்குகளால் எது பன்றி, எது மனிதன் என வேறுபடுத்த இயலவில்லை. ஆளும் புதியவரும் ஆண்ட பழையவரும் ஒன்றாகிவிட்டனர் என்னும் இருமுனைக் கண்டனம் அது. படத்திலோ விலங்குகள் திரண்டெழுந்து பன்றிகளைத் தாக்குகின்றன; மனிதர் மீதான கண்டனம் மங்கிப்போய்விடுகிறது. நூலில் இரு பக்கமும் வெட்டிய வாள், திரையில் ஒரு பக்கம் மாத்திரம் வெட்டுகிறது. நாவலை வாசியாது அப்படத்தைப் பள்ளியில் பார்த்த சிறுவர், ஓர்வெல் கூறாததை ஓர்வெல் கூறியதாகவே நம்பி வளர்ந்தனர். படம் எவ்வளவு குறுகியது என்பதன்று இங்கு குற்றம். எவர் பணம், எவர் முடிவு என்பன மறைக்கப்பட்டமையே குற்றம். தொழிற்சங்கம் தன் பெயரை வெளிப்படையாகப் பொறித்துக்கொண்டு வெளியிட்ட சித்திரத்துக்கும் இதற்கும் உள்ள அறவியல் வேறுபாட்டை இங்கேதான் காணவேண்டும். முறை ஒன்றாக இருக்கலாம். யார் பேசுகிறார் என்பதை அறிந்து கேட்பவன் ஒருவகையில் ஆயுதந்தரித்தவன். அறியாது கேட்பவன் வெறுங்கையன்.

மறைத்தலுக்கு எதிரான ஒரு செயல் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. ஜேர்மனியின் மியூனிச் நகரில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு சித்திர நிலையத்தின் பெயர் 'கூர்ட்ஸ்கெசாக்ற்'. ஜேர்மன் மொழியில் 'சுருங்கச் சொன்னால்' என்று பொருள். 2015ஆம் ஆண்டில் அது போதைப்பழக்கம் பற்றி ஒரு சித்திரத்தை வெளியிட்டது. கனடா நாட்டு உளவியலாளர் புறூஸ் அலெக்சாண்டர் 1970களின் பிற்பகுதியில் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனையை அது முக்கிய சான்றாகக் காட்டியது. தனிக்கூட்டில் அடைபட்ட எலிகள் மோர்பீன் கலந்த நீரை மிகுதியாக அருந்த, தோழமையும் விளையாட்டும் நிறைந்த விசாலமான இடத்தில் வாழ்ந்த எலிகள் அதனைப் பெரிதும் தவிர்த்தன என்பது அச்சோதனை. அதிலிருந்து, போதைப்பழக்கத்தின் காரணம் இரசாயனத்திலில்லை, வாழ்க்கைச் சிறையிலேயே உள்ளது என்னும் பெருங்கருத்து வரையப்பட்டது. பத்திரிகையாளர் ஜொஹான் ஹாரியின் நூலே அதற்கு அடிப்படை. உள்ளத்தை உருக்கும் கருத்து, மனிதாபிமானமான கருத்து, சமூக மாற்றத்தை வேண்டுவோர் எவரும் உண்மையாக இருக்கவேண்டுமென விரும்பும் கருத்து. இலட்சக்கணக்கானோர் அதனைக் கண்டனர்.

2019ஆம் ஆண்டில் அந்நிலையத்தினர் அச்சித்திரத்தைத் தாமே அகற்றினர். ஐரோப்பாவின் அகதிகள் நெருக்கடி பற்றி 2015இல் வெளியிட்ட மற்றொன்றையும் உடன் அகற்றினர். முன்னையது சிக்கலான ஒரு துறையில் ஒருவரது கோட்பாட்டை மாத்திரம் எடுத்து முழு உண்மைபோல் காட்டிவிட்டது என்றும், பின்னையது போதிய ஆய்வின்றி உணர்ச்சிவேகத்தில் ஆக்கப்பட்டது என்றும், அதன்பின் தங்கள் தயாரிப்பு முறையை மாற்றி நிபுணரிடம் காட்டிச் சரிபார்ப்பதாகவும் ஒரு புதிய சித்திரத்தில் விளக்கினர். அவ்விளக்கமும் ஒரு சில நிமிட இயங்கு சித்திரமே.

இச்செயலைப் பாராட்டாதிருக்க இயலாது. ஆயின் அது முன்வைக்கும் வினா பாராட்டோடு தீர்வதன்று. பிழைபட்ட நூலொன்றின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தாலும் முதற்பதிப்பு நூலகத் தட்டில் இருக்கும். எது மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என மாணவன் ஒருவன் இரண்டையும் ஒப்புநோக்க இயலும். பிழைபட்ட சித்திரத்தை அகற்றும்போது பிழையும் அகல்கிறது. பிழையின் தடயமும் அகல்கிறது. அதனை விட்டுவைத்தாலோ, திருத்தத்தை ஒருபோதும் காணாத புதியவர் மேலும் பலர் அதனை நம்புவர். 2015ஆம் ஆண்டில் அச்சித்திரத்தைக் கண்டு, அதனை நண்பர்க்கு எடுத்துரைத்து, ஒருவேளை போதைக்கு அடிமையான தம் உறவினர் ஒருவரை வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்கிய ஒருவர், 2019ஆம் ஆண்டின் விளக்கத்தைக் கண்டிருப்பார் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. அவருடைய அன்பு கூடியது உண்மை. அவ்வன்பு ஊன்றிநின்ற காரணம் ஐயத்துக்குரியது. இந்நிலையில் அவரைத் தேடிச் சென்று திருத்துவது சித்திரகாரரின் கடமையா, ஐயுற்று மீண்டும் தேடுவது பார்த்தவரின் கடமையா என்பதில், கையும் பலகையும் அளவுக்கு, பலகைக்கு எதிரே அமர்ந்திருப்பவரும் பொறுப்புடையவர் என்பது மாத்திரம் இதுவரை எவராலும் வரைந்து காட்டப்படவில்லை.